வாக்கை நிறைவேற்றியவர்: ஓட்டவீரர் அல்வாஃபியின் ஏற்றமும் இழப்பும்

ஒலிம்பிக் மாரத்தான் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருபவர் எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா. 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றவர். அவருக்கு 32 ஆண்டுகள் முன்னதாகவே, ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த ஒரு முஸ்லிம் இதே ஓட்டத்தில் முதலாவதாக வந்திருக்கிறார் என்பது நம் சமுதாயத்திலேயே அதிகம் பேசப்படாத செய்தி. அவர் அல்ஜீரியாவைச் சேர்ந்த அஹ்மத் பூகெர்ரா அல்வாஃபி. ஆலைத் தொழிலாளியாக இருந்து உலக வீரரானவர். ஓட்டத்துக்குக் கூலி வாங்கியதற்காகவே ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர்.

இன்று இது வேடிக்கையாகத் தோன்றும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் ட்ரையத்லான் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் ஹவாயில் தொடங்கிய அயர்ன்மேன் போட்டியில் சுமார் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்பின் முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரையும் ஓட வேண்டும். இதையே தொழிலாகக் கொண்டு, பரிசுப் பணத்திலும் விளம்பரதாரர் தரும் தொகையிலும் குடும்பம் நடத்தும் வீரர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ட்ரையத்லான் ஒலிம்பிக்கிலும் சேர்ந்துவிட்டது. பணம் வாங்குகிறீர்களா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. இந்த நிலை வருவதற்கு முன், அதே கேள்வியால் வாழ்வு முறிந்துபோன ஒருவரின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அரபியில் வாஃபி என்றால் வாக்கை முழுமையாக நிறைவேற்றுபவர், குறைவில்லாமல் கொடுத்து முடிப்பவர் என்று பொருள். வஃபா என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பிரெஞ்சுப் பதிவேடுகள் அதைத் தங்கள் உச்சரிப்புப்படி மாற்றி எழுதின. நாம் மூல அரபிப் பெயரிலேயே அவரை அழைப்போம்.

பாலையின் விளிம்பில் ஓர் ஊர்

அல்வாஃபி பிறந்தது 1898ஆம் ஆண்டு அக்டோபரில், அவ்லாது ஜலால் என்ற ஊரில். ஜலாலின் மக்கள் என்று பொருள்படும் அந்த ஊர், சஹாராவின் வாசல் எனப்படும் பிஸ்க்ரா நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது. செம்மறியாட்டுக்குப் பெயர்போன இடம். அல்ஜீரியாவின் மிகப் பிரபலமான வெள்ளைச் செம்மறி இனத்துக்கே அந்த ஊரின் பெயர்தான். சுற்றிலும் பேரீச்சந்தோப்புகள் கொண்ட பாலைவனச் சோலைகள். ஒளியின் பேரீச்சை என்று அரபியில் அழைக்கப்படும் தக்லத் நூர் விளைவதும் இந்தப் பகுதியில்தான்.

அவர் பிறந்தபோது அல்ஜீரியா பிரான்ஸின் பிடிக்குள் போய் 68 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1830இல் தொடங்கிய ஆக்கிரமிப்பு அது. பிரிட்டிஷார் இந்தியாவை ஆண்டதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவை ஆண்டதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அல்ஜீரியா குடியேற்ற நாடு அல்ல, பிரான்ஸின் ஒரு பகுதியே என்று பாரிஸ் சொல்லிக்கொண்டது. ஆனால் அங்குள்ள முஸ்லிம்களுக்கு மட்டும் குடியுரிமை இல்லை. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி அவர்கள் பிரான்ஸின் குடிகள்; குடிமக்கள் அல்லர். குடிமகனாக விரும்பும் முஸ்லிம், திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் ஷரீஅத் சட்டத்தைக் கைவிடுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். மிகப் பெரும்பாலான முஸ்லிம்கள் அதை ஏற்கவில்லை. 1881 முதல் அவர்களுக்கென்றே தனித் தண்டனை விதிகளும் இருந்தன.

வாக்குரிமை தராத அரசு, படைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் அவர்களை மறக்கவில்லை. 1912இல் அல்ஜீரிய முஸ்லிம்களுக்குக் கட்டாய இராணுவச் சேவை கொண்டுவரப்பட்டது. முதல் உலகப் போரில் 1,70,000க்கும் மேற்பட்ட அல்ஜீரிய முஸ்லிம்கள் பிரான்ஸுக்காகப் படையில் சேர்க்கப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்த உயிர்த்தியாகத்துக்கு நன்றியாகவே 1926இல் பாரிஸ் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. உயிர் கொடுத்தவர்களுக்குப் பள்ளிவாசல் கிடைத்தது. உயிரோடு இருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. அல்வாஃபியின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்தப் பின்னணி அவசியம்.

படையிலிருந்து பந்தயக் களத்துக்கு

அல்வாஃபியும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்தான். அவருடைய கால்களின் வலிமை வெளிப்பட்டதும் அங்கேதான். படைவீரர்களுக்கிடையே நடக்கும் ஓட்டங்களில் சோர்வே தெரியாமல் ஓடும் இந்த மெலிந்த இளைஞர் அதிகாரிகளின் கண்ணில் பட்டார். பிரான்ஸில் நடக்கும் போட்டிகளுக்கு அனுப்பப்பட்டார். ஓட்டம் கற்றுக்கொடுக்கும் பள்ளியோ பயிற்சிக்கூடமோ அவர் கண்டதில்லை. பாலைவன ஊரில் வளர்ந்த உடல், படையில் கிடைத்த ஒழுங்கு, இவைதான் அவருடைய முதலீடு.

1924ஆம் ஆண்டு ஒலிம்பிக் பாரிஸில் நடந்தது. பிரான்ஸ் அணியில் மாரத்தான் ஓட அல்வாஃபிக்கு இடம் கிடைத்தது. பந்தயத்தை வென்றவர் ஃபின்லாந்தின் அல்பின் ஸ்டென்ரூஸ். நேரம் 2 மணி 41 நிமிடம். அல்வாஃபி 2 மணி 54 நிமிடத்தில் ஓடி 7ஆவதாக வந்தார். உலகின் சிறந்த ஓட்டக்காரர்கள் கூடிய களத்தில், அனுபவம் குறைந்த ஒருவர் ஏழாமிடம் பிடிப்பது சாதாரணமானதல்ல. ஆனால் விளையாட்டில் ஏழாமிடத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் அவர் பிழைப்பைத் தேட வேண்டியிருந்தது.

பில்லாங்கூர் ஆலையில்

பாரிஸுக்கு மேற்கே, ஸென் ஆற்றின் ஓரத்தில் பில்லாங்கூர் என்ற இடத்தில் ரெனோ கார் ஆலை இருந்தது. போருக்குப் பின் தொழிலாளர் பற்றாக்குறை ஏற்பட்டதால் வட ஆப்பிரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் பாரிஸின் ஆலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஒரே அறையில் பலர் தங்கி, கிடைத்ததில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பிய தலைமுறை அது. சஃபர் போன உறவுகளைக் கொண்ட நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. அல்வாஃபியும் அவர்களில் ஒருவராக ரெனோ ஆலையில் தொழிலாளியானார்.

அந்தத் தொழிலாளர்களிடையே அரசியல் விழிப்பும் அப்போது பரவிக்கொண்டிருந்தது. 1926இல் பாரிஸில் வட ஆப்பிரிக்க நட்சத்திரம் என்ற அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் அதன் சார்பில் மஸ்ஸாலி ஹாஜ் அல்ஜீரியாவுக்கு விடுதலை கேட்டார். அதே மாநாட்டில் இந்தியாவின் சார்பில் ஜவாஹர்லால் நேருவும் கலந்துகொண்டார் என்பது வரலாறு.

அல்வாஃபி மேடைகளில் நின்றவர் அல்லர். அவருடைய நாள் ஆலைச் சங்கொலியோடு தொடங்கியது. பகல் முழுவதும் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு, மிச்சமுள்ள நேரத்தில் ஓட்டப் பயிற்சி. மாரத்தான் என்பது திடீர் வேகத்தின் விளையாட்டு அல்ல. நாள் தவறாமல், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உடலைப் பழக்கினால்தான் இரண்டரை மணி நேரம் ஒரே சீராக ஓட முடியும். முழுநேரமும் ஓட்டத்துக்கு ஒதுக்க வசதி படைத்தவர்களோடு, வேலை முடித்த களைப்போடு பயிற்சி செய்த ஒருவர் போட்டி போட வேண்டும். 1924க்கும் 1928க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளை அவர் இப்படித்தான் கடந்தார்.

ஆம்ஸ்டர்டாம், 1928

1928 ஒலிம்பிக் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. இந்தியர்களுக்கும் மறக்க முடியாத ஒலிம்பிக் அது. அந்த ஆண்டு மே மாதம் ஹாக்கியில் இந்தியா தன் முதல் தங்கத்தை வென்றது. 29 கோல்கள் அடித்தது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. அவற்றில் 14 தயான் சந்த் அடித்தவை. ஃபெரோஸ் கான், ஷௌகத் அலி போன்ற முஸ்லிம் வீரர்களும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்கள் வென்றபோது ஏற்றப்பட்டது அடிமை இந்தியாவின் கொடி. அல்வாஃபியின் நிலையும் அதுவே. தம்மைக் குடிமகனாக ஏற்காத நாட்டின் சின்னத்தை நெஞ்சில் அணிந்து அவர் ஓடினார்.

மாரத்தான் ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்தது. அரங்கிலிருந்து புறப்பட்டு, ஆம்ஸ்டெல் ஆற்றை ஒட்டிய சமதளப் பாதையில் சென்று, மீண்டும் அரங்கிலேயே முடியும் ஓட்டம். ஜப்பானின் யமாடா கனெமாட்சு, அமெரிக்காவின் ஜோயி ரே, ஃபின்லாந்தின் மார்ட்டி மார்ட்டெலின் ஆகியோர் மீதே எல்லோருடைய பார்வையும் இருந்தது. அல்வாஃபியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் பாதியில் அவர் முன்னே வரவுமில்லை. முன்வரிசைக்காரர்கள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருக்க, அவர் பின்னால் தம் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார். தூரம் கூடக்கூட முன்னே போனவர்கள் களைத்தார்கள். அவர் களைக்கவில்லை. ஒவ்வொருவராகக் கடந்து வந்தார். இறுதிக் கட்டத்தில் யமாடாவையும் ரேயையும் தாண்டி முதலிடத்தைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் அதேபோல் பொறுமையாக வந்துகொண்டிருந்தவர் சிலி நாட்டின் மனுவேல் பிளாசா. சாந்தியாகோ தெருக்களில் செய்தித்தாள் விற்றவர் அவர். ஓர் ஆலைத் தொழிலாளியும் ஒரு செய்தித்தாள் விற்பவரும் உலகின் மிகக் கடினமான ஓட்டத்தின் முதல் இரண்டு இடங்களுக்குப் போட்டியிட்டார்கள்.

அல்வாஃபி அரங்குக்குள் முதலாவதாக நுழைந்து 2 மணி 32 நிமிடம் 57 விநாடியில் எல்லையைத் தொட்டார். பிளாசா 26 விநாடிகள் கழித்து வந்தார். மார்ட்டெலின் மூன்றாமிடம், யமாடா நான்காமிடம், ரே ஐந்தாமிடம். கணக்குப் போட்டால், 42 கிலோமீட்டருக்கும் அல்வாஃபி ஒவ்வொரு கிலோமீட்டரையும் சராசரியாக 3 நிமிடம் 38 விநாடிக்குள் முடித்திருக்கிறார். பிளாசாவுக்கும் அவருக்கும் இடையே இருந்த இடைவெளி சுமார் 120 மீட்டர்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் ஓடிய நேரத்தைவிட 21 நிமிடங்கள் குறைவு.

ஆம்ஸ்டர்டாமில் தடகளத்தில் பிரான்ஸுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. அதை வென்று கொடுத்தவர் அவ்லாது ஜலாலில் பிறந்த ஒரு முஸ்லிம் தொழிலாளி. அந்த ஒலிம்பிக்கில் எகிப்தின் சையித் நுஸைர் பளுதூக்குதலிலும் இப்ராஹீம் முஸ்தஃபா மல்யுத்தத்திலும் தங்கம் வென்றார்கள். அரபு உலகம் ஒலிம்பிக் மேடையில் ஏறிய ஆண்டு என்று 1928ஐச் சொல்லலாம்.

கூலி வாங்கிய குற்றம்

தங்கப் பதக்கத்தால் வயிறு நிறையாது. வெற்றிக்குப் பின்னும் அல்வாஃபியின் முன்னால் இருந்தது அதே ஆலைதான். அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது.

அமெரிக்காவில் அப்போது நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெரிய மோகம் இருந்தது. அதே 1928இல்தான் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை நாட்டின் குறுக்கே ஓடும் பந்தயம் ஒன்று நடந்தது. 199 பேர் கிளம்பி 55 பேர் மட்டுமே முடித்த அந்த ஓட்டத்தில் 84 நாட்கள் ஓடி வென்ற ஆண்டி பெய்ன் என்ற இளைஞருக்கு 25,000 டாலர் பரிசு. ஒலிம்பிக் வெற்றியாளர் ஒருவர் வந்து ஓடினால் கூட்டம் கூடும், டிக்கெட் விற்கும் என்று பந்தய ஏற்பாட்டாளர்கள் கணக்குப் போட்டார்கள். அல்வாஃபி கப்பலேறினார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் உள்ளரங்கில் ஜோயி ரேயுடன் மாரத்தான் தூரம் ஓடி, அங்கும் வென்றார். ஆம்ஸ்டர்டாமின் வெற்றி தற்செயல் அல்ல என்பது அமெரிக்க மண்ணிலும் உறுதியானது. ஆலைக் கூலியில் ஒருபோதும் சேர்க்க முடியாத தொகை அவர் கைக்கு வந்தது. தொழில்முறை ஓட்டக்காரராக அவருடைய உச்சம் அதுதான்.

அந்த உச்சத்திலேயே கதவும் மூடியது. அன்றைய ஒலிம்பிக் விதிப்படி, விளையாட்டுக்காகப் பணம் வாங்கியவர் தொழில்முறையாளர்; அவருக்கு ஒலிம்பிக்கிலோ சங்கங்கள் நடத்தும் போட்டிகளிலோ இடமில்லை. பிரான்ஸின் தடகள அமைப்பு அல்வாஃபியை விலக்கிவிட்டது. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தம் பட்டத்தைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வசதி படைத்த வர்க்கத்தாரிடையே உருவான கருத்து இது. விளையாட்டு என்பது கனவான்களின் பொழுதுபோக்கு. அதில் காசு கலந்தால் தூய்மை கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு உயர்வாகத்தான் இருக்கும். ஆனால் சொத்தும் ஓய்வும் உள்ளவருக்குக் காசு வாங்காமல் விளையாடுவது ஒரு கஷ்டமே இல்லை. அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவர் ஓட்டத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போய்விடும். ஆக, தூய்மை என்ற பெயரில் இருந்த விதி நடைமுறையில் ஏழையை வெளியே நிறுத்தும் வேலியாக இருந்தது.

அல்வாஃபி அல்ஜீரியர் என்பதால் மட்டுமே தண்டிக்கப்பட்டார் என்று சொல்வது நியாயமாகாது. அமெரிக்கப் பூர்வகுடியான ஜிம் தார்ப் 1912இல் வென்ற இரண்டு தங்கங்களும் இதே காரணத்தால் பறிக்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் 1,500 மீட்டரில் வெள்ளி வென்ற பிரெஞ்சுக்காரர் ஜூல் லாதூமேக் 1932இல் ஆயுள்தடை பெற்றார். ஃபின்லாந்தின் மாபெரும் வீரர் பாவோ நூர்மியும் அதே ஆண்டு ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் சுமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. நூர்மி சொந்த நாட்டில் தொழிலில் செல்வந்தரானார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவரையே அழைத்துச் சுடர் ஏற்ற வைத்தார்கள். அல்வாஃபிக்கோ, ஓடிய நாடு சொந்த நாடாகவும் இல்லை. சொந்த ஊரில் அதிகாரம் சொந்த மக்களிடமும் இல்லை. விழுந்தால் தாங்கிப்பிடிக்க யாருமில்லாத இடத்தில் அவர் விழுந்தார்.

கடையும் பங்காளியும்

அமெரிக்காவில் சம்பாதித்த பணத்தை அல்வாஃபி வீணடிக்கவில்லை. பாரிஸ் திரும்பிக் கூட்டுச் சேர்ந்து ஒரு காபிக் கடையில் போட்டார். ஓட்டம் நின்றுபோன பின் சொந்தத் தொழிலில் கௌரவமாக வாழலாம் என்ற நியாயமான எண்ணம். ஆனால் கூட்டாளி ஏமாற்றிவிட்டார். பணமும் போனது, கடையும் போனது.

இதில் இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் அரங்குக்குள் மயங்கி விழுந்து, அதிகாரிகள் தூக்கிவிட்டதால் தங்கத்தை இழந்த இத்தாலியர் டொராண்டோ பியெத்ரி. அவரும் பின்னர் அமெரிக்கா சென்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பணத்துக்கு ஓடினார். சம்பாதித்ததைச் சகோதரருடன் சேர்ந்து ஹோட்டலில் போட்டு நஷ்டப்பட்டார். உடலால் பொருள் ஈட்டத் தெரிந்தவருக்கு அதைக் காக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்த இடத்தில்தான் நேர்மையான துணை தேவைப்படுகிறது.

வெளிநாட்டில் வருடக்கணக்கில் உழைத்துக் கொண்டுவந்த பணத்தைத் தெரிந்தவர், உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் எழுத்தில்லாமல் கூட்டு வியாபாரத்தில் போட்டு இழந்தவர்கள் நம் மஹல்லாக்களில் இல்லையா? கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைத்துச் சாட்சியும் வைத்துக்கொள்ளும்படி மார்க்கம் நம்மை வலியுறுத்துவது, ஒருவர் மீது ஒருவர் சந்தேகம் கொள்வதற்காக அல்ல. நம்பிக்கை நீடிக்க வேண்டும் என்பதற்காக. வாஃபி என்ற பெயருடையவர், வாக்குத் தவறிய கூட்டாளியிடம் தம் வாழ்நாள் சம்பாத்தியத்தை இழந்தார்.

அதன்பின் அல்வாஃபி பாரிஸின் புறநகரில், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களில் ஒருவராகக் கரைந்துபோனார். மீண்டும் உடலுழைப்பு, வறுமை, மறதி. இன்னொரு உலகப் போர் வந்து போனது. ஒரு காலத்தில் அவர் பெயரை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகைகள் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கவில்லை.

28 ஆண்டுகளுக்குப் பின்

1956ஆம் ஆண்டு டிசம்பர் 1. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மாரத்தானை வென்றவர் ஆலன் மிமூன். அவரும் அல்ஜீரியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இத்தாலியின் மோண்டே கசீனோவில் போரிட்டுக் காலில் பலத்த காயம் பட்டவர். மூன்று முறை செக் வீரர் எமில் ஸாட்டோபெக்குக்குப் பின்னால் வந்து வெள்ளியோடு திரும்பியவர். 35 வயதில், தம் முதல் மாரத்தானிலேயே தங்கம் வென்றார்.

மிமூனின் வெற்றியைக் கொண்டாடியபோதுதான் பிரான்ஸுக்கு இன்னொரு பெயர் நினைவு வந்தது. 28 ஆண்டுகளுக்கு முன் இதே ஓட்டத்தை இதே நாட்டுக்காக வென்ற அந்த இன்னொரு அல்ஜீரியர் எங்கே? தேடியபோது வறுமையில் வாழும் முதியவராக அல்வாஃபி கிடைத்தார். ஜனாதிபதி ரெனே கோட்டியின் மாளிகையில் நடந்த வரவேற்புக்கு மிமூன் அவரையும் தம்முடன் அழைத்துச் சென்றார். மிமூனின் இந்தச் செயல் பாராட்டுக்குரியது. தம் வெற்றியின் வெளிச்சத்தில் கொஞ்சத்தை, தமக்கு முன் அதே பாதையில் ஓடியவருக்குக் கொடுத்தார். அரசு செய்ய வேண்டியதை ஒரு தனிமனிதர் செய்தார்.

ஆனால் ஒருநாள் வரவேற்பு 28 ஆண்டுகளை ஈடுகட்டுமா? மாளிகையிலிருந்து அல்வாஃபி திரும்பிச் சென்றது அதே புறநகருக்குத்தான்.

அப்போது அல்ஜீரிய விடுதலைப் போர் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 1954இல் தொடங்கிய அந்தப் போரின் ஒரு பகுதி பிரான்ஸுக்குள்ளேயே, அல்ஜீரியத் தொழிலாளர்கள் கூடும் காபிக் கடைகளிலும் விடுதிகளிலும் நடந்தது. போலீஸின் கெடுபிடி ஒருபுறம். விடுதலை இயக்கங்களுக்கு இடையிலான இரத்தப் பகை மறுபுறம். 1959ஆம் ஆண்டு அக்டோபரில், பாரிஸுக்கு வடக்கே உள்ள ஸாந்தனியில் அல்வாஃபி கொல்லப்பட்டார். அரசியல் காரணம் என்பார் சிலர். குடும்பத் தகராறு என்பார் சிலர். 61 வயதில் அவர் வாழ்வு முடிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பாரிஸை அடுத்த பொபீனியில் உள்ள முஸ்லிம் மையவாடியில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்த மறு ஆண்டுதான் பிகிலா ரோமில் ஓடினார். மூன்று ஆண்டுகளுக்குள் அல்ஜீரியா விடுதலை பெற்றது. 1964இல் அல்ஜீரியா தன் சொந்தக் கொடியுடன் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 1992இல் பார்சிலோனாவில் ஹஸீபா பூல்மெர்கா 1,500 மீட்டரில் வென்றபோது அந்தக் கொடிக்கு முதல் தங்கம் கிடைத்தது. அல்வாஃபியின் தங்கம் இன்றும் பிரான்ஸின் கணக்கிலேயே இருக்கிறது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

அல்வாஃபியை விலக்கிய விதி இன்று இல்லை. 1970களிலிருந்து படிப்படியாக ஒலிம்பிக் சாசனத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, பின்னர் முற்றிலும் நீங்கியது. ஜிம் தார்ப் இறந்து 30 ஆண்டுகள் கழித்து, 1983இல் அவருடைய பதக்கங்களின் பிரதிகள் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டன. ஆக, அன்று குற்றம் என்று சொல்லப்பட்டது குற்றமே அல்ல என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த ஒப்புதல், அதற்காக வாழ்வை இழந்தவர்களுக்குப் பயன்படும் நேரத்தில் வரவில்லை.

ஒருவரின் உழைப்பால் பெருமை அடைந்துகொண்டு, அவருடைய கூலியைக் குற்றமாக்குவது அநீதி. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காமலும் குறைக்காமலும் கொடுப்பதில் மார்க்கம் காட்டும் கண்டிப்பை நம் வாசகர்கள் அறிவார்கள். இது வெளிநாட்டு வரலாறு என்று கடந்துபோய்விட வேண்டாம். சேவை என்ற பெயரில், தியாகம் என்ற பெயரில், நம்முடைய நிறுவனங்களிலும் குறைந்த கூலிக்கு உழைப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசலின் முஅத்தின், மதரஸாவின் உஸ்தாத், மஹல்லாவின் பணியாளர் ஆகியோரைப் பற்றிப் பேசும்போது நாமும் தூய்மையான சேவை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். அந்தச் சொல்லைச் சொல்பவருக்கு மாத வருமானம் எங்கிருந்து வருகிறது, கேட்பவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நம் பிள்ளைகளின் விளையாட்டுத் திறமை. ஓடுகிறான், நீந்துகிறான், சைக்கிள் ஓட்டுகிறான் என்றால் அதைப் படிப்புக்கு எதிரியாக மட்டுமே பார்க்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. ஹலாலான வழியில் உடலைப் பேணி, அதன்மூலம் கௌரவமாகச் சம்பாதிக்கவும் இன்று வழி இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பயிற்சியாளரைத் தேடிக் கொடுப்பதோடு, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் பணத்தைக் காக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அல்வாஃபிக்கு ஓடக் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. ஓடி முடித்த பின் கூட நிற்க ஆள் தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை.

மூன்றாவது, நினைவு. பாரிஸின் வடக்குப் புறநகரில் இன்று அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. பெயர்ப்பலகை வைப்பது எளிது. உயிரோடு இருக்கும்போது கதவைத் தட்டி நலம் விசாரிப்பதுதான் கடினம். நம் ஊரில் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்து, இன்று ஒதுங்கி வாழும் ஆலிம்கள், ஆசிரியர்கள், கலைஞர்கள், வீரர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அதில் முதல் பெயருக்குரியவரின் வீட்டுக்கு இந்த வாரமே ஒருமுறை போய் வாருங்கள்.

தம் பெயருக்கு ஏற்பக் குறைவில்லாமல் ஓடி முடித்தவர் அஹ்மத் பூகெர்ரா அல்வாஃபி. அவருக்குத் தர வேண்டியதை உலகம் குறைத்தே கொடுத்தது. எதையும் குறைக்காத இறைவன் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய கபரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.